இரண்டு நாள் வகுப்பு, கையில் சான்றிதழ்: பணம் கட்டலாமா?

கேள்வி: குடியை விட்டு ஐந்து வருடம் ஆகிறது. இப்போது அதே சிக்கலில் இருப்பவர்களுக்குத் துணையாகப் பியர் சப்போர்ட் வேலை பார்க்கிறேன். மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் (அறிவுரை சொல்லாமல், மாறும் விருப்பத்தை அவர் வாயிலிருந்தே வரவழைக்கும் பேச்சு முறை) கற்றுக்கொண்டு வரச் சொல்கிறார்கள். எனக்கு டிகிரி இல்லை. இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு, சர்வதேச அங்கீகாரச் சான்றிதழ் என்று ஒரு விளம்பரம் வந்தது. சேரலாமா?

பதில்: டிகிரி தேவையில்லை, அந்தக் கவலையை விடுங்கள். உங்கள் வேலைக்கும் இது பொருந்தும்: 1983ல் வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த முறையை முதலில் எழுதியதே குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்காகத்தான்.

அந்த 'சர்வதேச அங்கீகாரம்' சுத்த பம்மாத்து. இந்த முறையின் பயிற்றுநர்களுக்கென்று மின்ட் (MINT) என்ற சர்வதேச அமைப்பு இருக்கிறது, உங்களைப் போல் களத்தில் பேசுபவர்களுக்கு அதுவே சான்றிதழ் தருவதில்லை. அப்புறம் இவர்கள் யார் தருவதற்கு? மில்லர் குழுவின் 2004 ஆய்வில், வகுப்போடு நின்றவர்களுக்குக் கற்றது சில மாதத்திலேயே கரைந்துவிட்டது. தங்கள் பேச்சுப் பதிவை ஒருவரிடம் கொடுத்து அவர் கருத்தைக் கேட்டவர்களும், தொடர்ந்து போனில் பயிற்சி பெற்றவர்களும்தான் தேறினார்கள். ஆகவே பணம் கட்டுமுன் "நான் பேசுவதை யார் கேட்டுத் திருத்துவார்கள், எத்தனை முறை?" என்று கேளுங்கள். மழுப்பினால் போனை வைத்துவிடுங்கள். உங்களை அனுப்பும் நிறுவனத்தையும் இதே கேள்வி கேட்கலாம், ஆனால் அறிக்கையில் 'பயிற்சி பெற்றோர் இத்தனை பேர்' என்று காட்டினால் அவர்களுக்குப் போதும், வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்க ஆள் போட மாட்டார்கள்.

சரி, எதைப் பழகுவது? ஒருவர் "விடணும்னுதான் இருக்கு, சாயந்திரம் ஆனா கால் தானா போகுது" என்கிறார். உடனே நாம் "எவ்வளவு குடிப்பீங்க, வீட்ல தெரியுமா, டாக்டரைப் பார்த்தீங்களா" என்று போலீஸ் விசாரணையில் இறங்கிவிடுகிறோம். அதற்குப் பதில், "விடணும்னு மனசு இருக்கு, அந்தச் சாயந்திர நேரம்தான் இழுக்குது" என்று அவர் சொன்னதையே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். மீதியை அவரே சொல்வார். அவர் சம்மதத்தோடு பதிவு செய்து எண்ணிப் பாருங்கள்: நீங்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு, இப்படித் திருப்பிக் கொடுக்கும் ஒரு வாக்கியமாவது வந்தால் தொடக்கத்துக்குப் பரவாயில்லை, இரண்டு வந்தால் நன்று. உங்கள் சொந்தக் கதையை, அவர் அனுமதி கேட்டு, சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் இந்த நிதானமெல்லாம் வேண்டாம். தினமும் நிறையக் குடிப்பவர் "இன்னிக்கு ராத்திரியோட நிறுத்திட்டேன்" என்பார், நமக்குச் சந்தோஷம் தாங்காது, தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவோம். திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், நினைவு தடுமாறலாம், உயிரும் போகலாம். ஐந்து வருடம் முன்பு நீங்களே மருந்தில்லாமல் தப்பித்திருந்தாலும் அதை அவரிடம் சொல்லிவைக்காதீர்கள். "முதல்ல டாக்டர், அப்புறம்தான் நிறுத்தறது" என்று நேராகச் சொல்லுங்கள். கை நடுக்கமும் வியர்வையும் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள்.