ஏஏ கூட்டத்துக்குக் கட்டணம் இல்லை. வேன் வந்தால் ஏற்றாதீர்கள்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 43 வயது. காலையிலேயே குடிக்க ஆரம்பித்துவிடுவார். இப்போது அவராகவே ‘ஏஏ கூட்டத்துக்குப் போய்ப் பார்க்கிறேன்’ என்கிறார். அது எங்கே நடக்கிறது, எவ்வளவு கட்ட வேண்டும்? வேதக்காரங்க கூட்டம், மதம் மாற்றிவிடுவார்கள் என்கிறார் மாமனார். 25,000 ரூபாய் கொடுத்தால் வேனில் வந்து கூட்டிப்போய் குணமாக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அம்மா, முதலில் அந்த வேன்காரருக்குப் போன் போட்டு ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஏஏ என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு. அதில் கட்டணம் கிடையாது. ஆதார் நகல், படிவம், வருகைப் பதிவேடு எதுவும் கேட்க மாட்டார்கள். நடுவில் ஒரு பை சுற்றி வரும். அறை வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள், புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. குடியை நிறுத்தணும் என்ற ஆசை இருந்தால் போதும். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த அமைப்பு எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. சர்ச் வளாகத்திலும் பள்ளிக்கூட அறையிலும் கூட்டம் நடப்பதால்தான் இந்தப் பேச்சு வருகிறது. சாயங்காலம் சும்மா கிடக்கும் அறை மலிவாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான். கடவுள் என்ற சொல் காதில் விழும், அவரவர் சாமியை அவரவர் நினைத்துக்கொள்ளலாம். மாமனாரின் குலசாமி சாஸ்தாவுக்கு ஒரு குறையும் வராது.

இடம் கண்டுபிடிப்பதுதான் பாடு. பகல் 12 மணிக்கு டாஸ்மாக் கடையைத் திறந்து இரவு 10 மணி வரை நடத்தத் தெரிந்த அரசாங்கத்துக்கு, எந்தக் கிழமை எங்கே கூட்டம் என்று ஒரு தாளில் அடித்து ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டத் தெரியவில்லை. ஆகவே நீங்கள்தான் அலைய வேண்டும். 14446 தேசிய போதை மீட்பு உதவி எண், கட்டணமில்லை. ஏஏ இந்தியாவின் இணையதளத்திலும் தொடர்பு எண்கள் இருக்கும். பட்டியலை மட்டும் நம்பி பஸ் ஏறாதீர்கள். குழுக்கள் இடம் மாறும், சில கலைந்தும் போகும். போன் செய்து, இந்த வாரம் நடக்கிறதா, எத்தனை மணிக்கு முடியும், குடும்பத்தார் வரக்கூடிய திறந்த கூட்டமா, குடிப்பவர்களுக்கு மட்டுமான மூடிய கூட்டமா என்று கேளுங்கள். கூடவே, ‘முதல் நாள் யாராவது பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிப்போக முடியுமா’ என்றும் கேளுங்கள். பெரும்பாலும் வருவார்கள். திருநெல்வேலி வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கிய ஆள் கூட்டத்துக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே வேறு கடைக்குத் திரும்பிவிடுவது சாதாரணம். ஊர்வாய்க்குப் பயந்தால் அம்பையைத் தவிர்த்து பாளையங்கோட்டை, தென்காசி பக்கம் விசாரியுங்கள். பேச வேண்டிய கட்டாயமில்லை, ‘கேட்க வந்திருக்கேன்’ என்றால் விட்டுவிடுவார்கள். ஒரு கூட்டத்தை வைத்து முடிவு கட்டாமல் ஐந்தாறு தடவையாவது போகட்டும்.

ஆனால் உங்கள் கணவர் காலையிலேயே குடிக்கிறவர். அவர் நேராகக் கூட்டத்துக்குப் போகக் கூடாது, முதலில் ஆஸ்பத்திரி. இத்தனை நாள் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் ஆள் தெரியாமல் பிதற்றுவது, சுவரில் பூச்சி ஊர்வதாகக் கையால் தட்டுவது என்று போகும். ‘பேய் பிடிச்சிருக்கு’ என்று கோடங்கியிடம் ஓடுவது இந்தக் கட்டத்தில்தான். அது உயிர்போகும் நிலை, 108-ஐக் கூப்பிடுங்கள். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் வீட்டில் வைத்து நிறுத்தவே கூடாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் காலையில் ஓபி சீட்டு எடுத்து மனநலப் பிரிவுக்குப் போங்கள். தெரு முனை கிளினிக்கில் ‘தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ்’ ஏற்றாதீர்கள். தயமின் என்ற பி1 ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், சாப்பாடு இல்லாமல் குடித்த ஆளுக்கு மூளையே பாதிக்கலாம். நடுக்கம் அடங்கிய பிறகு கூட்டம்.

இனி வேன். ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன், அதுதான் அவர் தொழில். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடியால் வரும் மனப் பாதிப்பும் அடங்கும். ஆகவே மறுவாழ்வு மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். தானாகச் சேர்ந்தவர் கேட்டால் வெளியே விட வேண்டும். சங்கிலியால் கட்டுவது குற்றம். ‘ஒரு மாதம் பார்க்கக் கூடாது, போனும் கூடாது’ என்றாலோ, வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டாலோ திரும்பி வந்துவிடுங்கள். மனுஷன் தானாகவே வருகிறேன் என்று நிற்கும்போது கையைக் காலைக் கட்டித் தூக்க எதற்கு 25,000?

குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. போன் செய்யும்போது அதையும் கேட்டு வையுங்கள்.

அந்த வேன்காரர் மாதிரி ஆட்கள் ‘ரசத்தில் கலந்து கொடுங்க, தெரியவே தெரியாது’ என்று ஒரு பொடியும் விற்பார்கள். பல நேரம் அது டைசல்பிராம் மாத்திரையை இடித்த தூள். தெரியாமல் அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிச் சாய்ந்துவிடுவார். கடைசி வேளை போய் இரண்டு வாரம் வரைகூட இப்படி ஆகலாம். டாக்டர் சொல்லி, குடிப்பவரும் சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. ஏற்கெனவே வாங்கி ஒரு வேளையாவது கொடுத்திருந்தால் மறைக்காமல், அந்தப் பொட்டலத்தையும் எடுத்துப்போய் ஹைகிரவுண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.