கயிறும் கோலும் விதையும்: பண்டைய இந்திய நில அளவை – கேள்வி பதில்

கேள்வி: பழைய அரசியல் நூலான அர்த்தசாஸ்திரம் கூறும் நிவர்த்தனம் என்ற நில அளவு இன்றைய கணக்கில் எவ்வளவு நிலம்?

பதில்: 24 அங்குலம் ஒரு முழம், நான்கு முழம் ஒரு தண்டம் எனப்படும் கோல், பத்துக் கோல் ஒரு ரஜ்ஜு எனப்படும் கயிறு, மூன்று கயிறு ஒரு நிவர்த்தனம் என்பது அந்நூலின் வாய்பாடு. முழத்தை ஒன்றரை அடி என்று கொண்டு, பக்கத்துக்கு 30 கோல் உள்ள சதுரமாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய முக்கால் ஏக்கர் வரும். ஆயினும் பிரமதேயம் எனப்படும், பிராமணருக்குத் தானமாக அளித்த நிலத்துக்கு அந்நூலே தனிக் கோலைக் குறிப்பிடுவதால், இந்தக் கணக்கை எல்லாக் கல்வெட்டுகளுக்கும் பொருத்துவது தவறு என்றே கருதுகிறேன்.

கேள்வி: நிலத்தை அளந்தவர்கள் யார்? அளக்கும்போது உழவருக்கு அதில் பங்கு இருந்ததா?

பதில்: இருந்தது. பௌத்த ஜாதகக் கதைகளில் ஒன்றான குருதம்ம ஜாதகம், கயிறு பிடிக்கும் அரச அலுவலரை நம் கண்முன் நிறுத்துகிறது. கோலில் கட்டிய கயிற்றின் ஒரு முனையை நிலத்துக்குரியவரும் மறுமுனையை அலுவலரும் பிடித்து அளந்து செல்கையில், கோல் ஊன்ற வேண்டிய இடத்தில் ஒரு நண்டு வளை இருக்கிறது. வளைக்குள் ஊன்றினால் நண்டு சாகும். ஓரிடம் தள்ளி ஊன்றினால் அரசனுக்கு இழப்பு, முன்னதாக ஊன்றினால் குடியானவனுக்கு இழப்பு என்று அவர் தடுமாறுகிறார். ஒரு கோல் பிசகினாலும் யாரோ ஒருவரின் விளைச்சல் குறையும் என்ற கவலை அக்காலத்திலேயே இருந்ததற்கு இதைவிட நல்ல சான்றை நான் படித்ததில்லை.

கேள்வி: வங்காளச் செப்பேடுகளில் வரும் குல்யவாபமும் கோலால் அளந்ததுதானா?

பதில்: அதன் அடிப்படை விதை. குல்யம் என்ற தானிய அளவில் ஒரு குல்யம் விதை விதைக்கப் போதுமான நிலம் குல்யவாபம். அதில் எட்டில் ஒரு பங்கு துரோணவாபம். நம் தென்மாவட்டங்களில் வழங்கிய ‘கோட்டை விதைப்பாடு’ என்ற கணக்கும் இவ்வகையே. கி.பி. 479ஆம் ஆண்டின் பகார்ப்பூர்ச் செப்பேட்டில், ஒரு தம்பதியர் சமண மடத்துக்கு அளிப்பதற்காக ஒன்றரைக் குல்யவாப நிலத்தை மூன்று தீனாரப் பொன்னுக்கு வாங்கினர். அந்த நிலங்களைக் கோலாலும் அளந்து எல்லை பிரித்தனர்.

கேள்வி: மழையையும் அளந்தார்களா?

பதில்: அளந்தார்கள். களஞ்சியத்தில் ஒரு முழ வாயுள்ள பாத்திரத்தை மழைமானியாக வைக்கச் சொல்லும் அர்த்தசாஸ்திரம், வறண்ட நிலத்துக்கு 16 துரோணம், மத்திய இந்தியாவின் அவந்திப் பகுதிக்கு 23 துரோணம் என, துரோணம் என்ற முகத்தல் அளவில் மழையளவைத் தருகிறது. எந்த விதையை எப்போது விதைப்பது என்பதை வேளாண்மைத் தலைவர் அதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி: அளந்து கொடுத்த தான நிலங்கள் எல்லாம் விளைந்தனவா?

பதில்: இல்லை. சாதவாகன மன்னர் கௌதமிபுத்திர சாதகர்ணி நாசிக் குகைத் துறவியருக்கு 200 நிவர்த்தனம் அளித்தார். ஆறாண்டுகளுக்குப் பின் வெட்டப்பட்ட கல்வெட்டோ, முன்பு காகடி ஊரில் தந்த வயல் உழப்படவில்லை, அவ்வூரில் குடிகளும் இல்லை என்று கூறி, நகர எல்லையிலுள்ள அரச நிலத்தில் 100 நிவர்த்தனத்தை அதற்கு மாற்றாக அளிக்கிறது.