ரங்கா கட்சி மாறினாரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொருளாதாரத்தில் அரசின் தலையீட்டை எதிர்த்த சுதந்திராக் கட்சியைப் பற்றிப் படிக்கும்போது என்.ஜி. ரங்கா என்ற பெயர் இடறியது. 1936-ல் ஜமீன்தார்களை எதிர்த்துக் கிசான் சபை என்ற விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1959-ல் ராஜாஜியோடு சேர்ந்து, மன்னர்களும் முதலாளிகளும் புழங்கிய கட்சிக்குத் தலைவர் ஆகிறார். மனமாற்றமா, சந்தர்ப்பவாதமா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

இரண்டும் இல்லை. ரங்காவின் ஆள் கடைசிவரை ஒருவர்தான்: சொந்தப் பட்டாவில் உழுகிற குடியானவர்.

அவரே அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை. 1900-ல் குண்டூர் மாவட்டம் நிடுப்ரோலுவில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்து வந்து, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தார். (நம்மில் பலருக்கு இது தெரியாது.) 1930-ல் விடுதலைப் போராட்டத்தில் இறங்கியவர், வெங்கடகிரி ஜமீனில் உழுத ரயத்துகளுக்காக (விவசாயிகளுக்காக) நின்றார். விவசாயிகளுக்கு அரசியல் சொல்லித்தர நிடுப்ரோலுவில் ஒரு பள்ளியே நடத்தினார். லக்னோவில் கிசான் சபை உருவானபோது சகஜானந்த சரஸ்வதி தலைவர், ரங்கா பொதுச்செயலாளர்.

அன்று அந்தக் குடியானவரின் நிலத்துக்கும் அவருக்கும் நடுவில் நின்றது ஜமீன். 1959 ஜனவரியில் நாக்பூரில் கூடிய காங்கிரஸ், நிலங்களைச் சேர்த்துக் கூட்டாகப் பயிரிடும் கூட்டுப்பண்ணைத் தீர்மானம் போட்டபோது, அதே இடத்தில் இப்போது அரசாங்கம் வந்து நிற்பதாக ரங்காவுக்குப் பட்டது. காங்கிரஸிலிருந்து வெளியேறினார். சில மாதங்களில் சுதந்திராக் கட்சி பிறந்தது.

நீங்கள் சொல்லும் முரண் பொய்யில்லை. பீகாரில் அக்கட்சியின் பெரிய முகம் ராம்கர் ராஜா என்ற ஜமீன்தார். கிசான் சபை எந்த வர்க்கத்தை எதிர்த்துக் கிளம்பியதோ அதே வர்க்கம். அந்தக் கூட்டணியின் விலையை ரங்கா தெரிந்தே கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. பட்டாவே இல்லாமல் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள் அவருடைய அரசியலின் நடுவில் ஒருபோதும் வரவில்லை. கம்யூனிஸ்டுகளோடு அவருக்கு ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம். 1955 ஆந்திரத் தேர்தலில் அவருடைய கிருஷிகார் லோக் கட்சி, காங்கிரஸோடு நின்று கம்யூனிஸ்டுகளைத் தோற்கடித்தது.

சந்தர்ப்பவாதம் என்று ஒன்றைச் சுட்டியே ஆக வேண்டுமென்றால், எழுபதுகளில் அவர் இந்திரா காந்தியின் காங்கிரஸுக்குத் திரும்பியதைச் சுட்டுங்கள். வங்கிகளை நாட்டுடைமையாக்கிய கட்சி அது. அங்கே இருந்துகொண்டுதான் 1980-லிருந்து மூன்று முறை குண்டூரில் வென்றார். அதற்காக நான் வாதாட வரமாட்டேன்.