ஓட்டுநர் காதில் யார் பேசலாம், எதைப் பேசலாம்?

கோத்தகிரியில் நாங்கள் சிலர் ஒன்றாக உட்கார்ந்து ரேஸ் பார்ப்பது வழக்கம். ராலிகளில் ரேடியோ போஸ்டில் இருந்தவன் என்பதால், ஓட்டுநருக்கும் டீமுக்கும் இடையே ரேடியோ பேச்சைக் கட்டுப்படுத்துவது பற்றிய கேள்விகள் எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தன. பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

குன்னூர், கல்லூரி மாணவி: ஃபார்முலா ஒன்னில் ரேடியோவுக்கே தடை இருந்ததாமே அண்ணா, உண்மையா?

ரேடியோவுக்குத் தடை இல்லைம்மா, அதில் என்ன பேசலாம் என்பதற்குத்தான் தடை. காரை ஓட்டுநர் தனியாக, யார் உதவியும் இல்லாமல் ஓட்ட வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் முன்பே ஒரு வரி உண்டு. 2014 செப்டம்பரில், சிங்கப்பூர் பந்தயத்திலிருந்து, கார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ அந்த வரியைக் கறாராக அமல்படுத்த ஆரம்பித்தது. எந்த இடத்தில் பிரேக் பிடிப்பது, எந்த கியரில் வளைவது, சக ஓட்டுநர் எந்த வளைவில் வேகமாகப் போகிறார் என்றெல்லாம் சொல்லித்தரக் கூடாது. 2015-ல் பெல்ஜியம் பந்தயத்திலிருந்து ஸ்டார்ட்டின்போது கிளட்ச் விஷயத்தில் கைகொடுப்பதும் போயிற்று. 2016-ல் பிடி இன்னும் இறுகியது. அதே ஆண்டு ஜூலை கடைசியில், ஜெர்மனி பந்தயத்துக்கு முன்னால், பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டார்கள்.

பந்தயம் தொடங்குமுன் எல்லா கார்களும் வரிசையாக ஓட்டும் ஒரு சுற்றான ஃபார்மேஷன் லேப்பில் மட்டும் கட்டுப்பாடு நீடித்தது. 2020 ஹங்கேரியில் ஈரம் காய்ந்துவரும் டிராக்கில், டயர் மாற்ற பிட்டுக்குள், அதாவது டிராக் ஓரமாக டீம் காரைக் கவனிக்கும் இடத்துக்குள் வரும்படி ஹாஸ் டீம் அந்த லேப்பிலேயே சொல்லிவிட்டது. அதன் ஓட்டுநர்கள் மேக்னசன், குரோஷான் இருவருக்கும் ஆளுக்கு 10 விநாடி தண்டனை.

ஊட்டி, வாடகை கார் ஓட்டுபவர்: ஓட்டுகிறவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்?

நம்ம மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்டக்டர் இறங்கி நின்று விசில் கொடுப்பார். பின்னால் இடம் இருக்கிறது, வா, அவ்வளவுதான். ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடிப்பது என்று அவர் சொல்வதில்லை. அது டிரைவரின் கைவேலை. ரேடியோவிலும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. முன்னால் விபத்து, டயரில் காற்று இறங்குகிறது, பிட்டுக்கு வா என்பது தகவல். நாலாவது வளைவில் இன்னும் பத்து மீட்டர் தள்ளி பிரேக் பிடி என்பது அடுத்தவன் மூளையைக் கடன் வாங்கி ஓட்டுவது.

அரவங்காடு, தொழிற்சாலை ஊழியர்: முன்பெல்லாம் இந்தப் பிரச்சினை இல்லையே சார். 2014-ல் மட்டும் ஏன் கிளம்பியது?

நல்ல கேள்வி. 2000-களின் தொடக்கத்தில் பிட்டில் இருந்தபடியே ஓடும் காரின் எஞ்சின் செட்டிங்கை மாற்ற முடிந்தது. 2003-ல் அதைத் தடை செய்தார்கள். காரிலிருந்து பிட்டுக்குத் தகவல் வரலாம், பிட்டிலிருந்து காருக்குக் கட்டளை போகக் கூடாது. ஆனால் வாய்வழி போவதை யார் தடுத்தது? இன்ஜினியர் திரையைப் பார்த்து "இந்தத் திருகியை இந்த எண்ணுக்கு வை" என்பார், ஓட்டுநர் வைப்பார். கை மட்டும்தான் ஓட்டுநருடையது.

2014-ல் 1.6 லிட்டர் டர்போ எஞ்சினுடன் இரண்டு மின் மோட்டார் சேர்ந்த ஹைபிரிட் வந்தது. பந்தயத்துக்கு 100 கிலோ எரிபொருள்தான் என்ற வரம்பும் சேர்ந்தது. எங்கே ஆக்சிலரேட்டரை விட்டு எரிபொருளை மிச்சம் பிடிப்பது, எங்கே பேட்டரியை நிரப்புவது என்று ஓயாத பேச்சு. டிவியில் கேட்ட ரசிகர்களுக்கு ஓட்டுவது யார் என்றே சந்தேகம் வந்துவிட்டது. அந்தக் கோபம் நியாயமானது.

வெலிங்டன், ஓய்வுபெற்ற ராணுவ சிக்னல்மேன்: அப்புறம் ஏன் பின்வாங்கினார்கள்? தடை என்றால் தடைதானே?

ஐயா, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2016 ஜூனில் அஜர்பைஜானின் பாகுவில் நடந்த பந்தயத்தைப் பாருங்கள். மெர்சிடிஸ் டீமின் ஹாமில்டன் ஓட்டிய கார் மின்சக்தி சரியாகக் கிடைக்காமல் திணறியது. ஏதோ ஒரு செட்டிங் தப்பான இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் டீம் சொல்ல முடிந்தது. எது என்று இன்ஜினியருக்குத் தெரியும், வாயைத் திறக்க முடியாது. அந்த டிராக்கில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர்ப்பாதை உண்டு, இரு பக்கமும் சுவர். அந்த வேகத்தில் மனிதர் தலையைக் குனிந்து ஸ்டியரிங்கில் இருக்கும் திருகிகளையும் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். இது ஆபத்து என்று அவரே ரேடியோவில் சொன்னார். கடைசியில் ஐந்தாவதாக வந்தார். அதே கோளாறு அதே டீமின் இன்னொரு ஓட்டுநர் ரோஸ்பெர்க்குக்கும் வந்தது. அவர் சீக்கிரமே கண்டுபிடித்துச் சரிசெய்து ஜெயித்தார். தடையை ஆதரிப்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள்: காரைத் தெரிந்து வைத்திருந்தவர் தப்பித்தார், இல்லையா என்று. அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனாலும் ஓட்டுநரின் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவைக்கும் விதி எனக்கு நல்ல விதியாகத் தெரியவில்லை.

அடுத்த மாதம் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் ரோஸ்பெர்க்குக்கே கியர்பாக்ஸ் மக்கர் செய்தது. ஏழாவது கியரைத் தவிர்க்கச் சொன்னார்கள். அப்படியென்றால் அதைத் தாண்டி மாற்றிக்கொண்டு போகவேண்டுமா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றார்கள். 10 விநாடி தண்டனை, இரண்டாவது இடம் மூன்றாவது ஆனது. கார் நின்றுவிடும் நிலை என்பதால் சொன்னதில் ஒரு பகுதி செல்லும், அதற்கு மேல் சொன்னது செல்லாது என்பது பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகளின் தீர்ப்பு. சில நொடிப் பேச்சுக்குள்ளேயே கோடு போட வேண்டியிருந்தது, பாருங்கள்.

அதன் பிறகு ஹங்கேரியில் விதியை இன்னும் இறுக்கி, கோளாறு பற்றிச் சொன்னால் காரை உள்ளே கூப்பிட்டே ஆகவேண்டும் என்றார்கள். மெக்லாரன் டீமின் ஓட்டுநர் ஜென்சன் பட்டனின் பிரேக் பெடல் அடிவரை போய்விட்டது. டீம் வழி சொன்னதற்கு டிரைவ்-த்ரூ தண்டனை, அதாவது பிட் பாதை வழியாக மெதுவாக ஒருமுறை போய்வர வேண்டும். பிரேக் போன ஓட்டுநரிடம் பேசியதற்கு! சில நாளில் தடை போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கூடலூர், பைக் மெக்கானிக்: மோட்டோஜிபியில் ரேடியோவே இல்லாமல் நடக்கிறதே?

பைக் பந்தயமான மோட்டோஜிபியில் அப்படித்தான் நடக்கிறது. டீம் ஆட்கள் ரைடர் காதில் பேசுவது கிடையாது. பிட் சுவரில் நீட்டும் போர்டும், டேஷ்போர்டில் வரும் குறுஞ்செய்தியும்தான். ஆனால் அதிலும் வழி கண்டுபிடிப்பார்கள். 2017-ல் மலேசியாவின் செபாங்கில் முன்னால் போய்க்கொண்டிருந்த லோரென்சோவுக்கு டுகாட்டி "மேப்பிங் 8" என்று அனுப்பியது. பார்த்தால் எஞ்சின் செட்டிங் மாதிரி இருக்கும். பட்டத்துக்குப் போராடும் அதே டீமின் டோவிசியோசோவுக்கு வழி விடு என்பதே பொருள் என்று பரவலாகப் புரிந்துகொள்ளப்பட்டது. சங்கேதம் பேசுவார்களே என்ற இந்தப் பயம் ஃபார்முலா ஒன்னிலும் இருந்தது.

கோத்தகிரி, பள்ளி ஆசிரியர்: கிரிக்கெட்டில்கூட இப்படி ஒன்று நடந்த ஞாபகம்.

ஆமாம் சார். 1999 உலகக்கோப்பையில் இந்தியாவுக்கு எதிராக இங்கிலாந்தின் ஹோவ் மைதானத்தில் தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹன்ஸி குரோனியே காதில் கருவியோடு இறங்கினார், பயிற்சியாளர் பாப் வூல்மர் வெளியிலிருந்து பேசினார். அதே ஆட்டத்திலேயே கழற்றச் சொல்லிவிட்டார்கள். கிரிக்கெட்டில் அது சுலபம்; காதுக்கருவி இல்லையென்று யாருக்கும் பிரேக் போகாது.

ஊட்டி, அதே வாடகை கார்க்காரர்: விதியை நீங்களே எழுதினால் எப்படி எழுதுவீர்கள்?

காரின் உடம்புக்கு என்ன என்று எப்போது வேண்டுமானாலும் முழுசாகச் சொல்லலாம். வளைவை எப்படி எடுப்பது என்று சொல்லவே கூடாது. அதற்கும் முன்னால், ஓட்டுநர் ஓடும்போது மாற்றவேண்டிய செட்டிங்குகளைப் பாதிக்கு மேல் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிடுவேன். சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லையென்றால் சங்கேதத்துக்கும் வேலை இல்லை. சிக்கலான காரை அனுமதித்துவிட்டு வாயை மட்டும் கட்டியதுதான் 2016-ல் நடந்த தவறு.

குன்னூர், அதே மாணவி: நம்ம மலையில் ராலி நடந்தால் ரேடியோ எடுக்குமா? சாதாரண வாக்கி-டாக்கி போதுமா?

மலை மறைத்தால், ராலியில் பயன்படுத்தும் விஎச்எஃப் என்ற ரேடியோ அலை சரியாகப் போகாது. ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும் குரல், வளைவு தாண்டினால் இரைச்சலாகிவிடும். அதனால் உயரமான இடத்தில் ஒருவரை நிறுத்தி, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வைப்போம். ராலி ஸ்டேஜில், அதாவது நேரம் கணக்கிடப்படும் பாதையில், சுமார் 5 கிலோமீட்டருக்கு ஒரு ரேடியோ போஸ்ட் வேண்டும். இது ஓட்டுநருக்கு யோசனை சொல்ல இல்லை. எந்த கார் தாண்டியது, எது வரவில்லை என்று கணக்கு வைக்க. வழி சொல்வது பக்கத்தில் உட்கார்ந்து, வளைவுகளைக் குறித்துவைத்த பேஸ் நோட்டை வாசிக்கும் கோ-டிரைவர்.

இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள குறைந்த சக்தி வாக்கி-டாக்கிக்கு உரிமம் வேண்டாம். நண்பர்கள் இரண்டு காரில் போக அது போதும், ராலிக்குப் போதாது. சக்தி கூடிய செட் வாங்குமுன் உரிமம் வாங்கிவிடு.