வாசலுக்கு பேவர் பிளாக் போடப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

பதினெட்டு வருடமாக மதுரைப் பக்கம் வீட்டு வாசலுக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் பேவர் பிளாக், அதாவது தரையில் பதிக்கும் கான்கிரீட் கல், பதித்துக் கொடுக்கிறேன். கான்ட்ராக்டரிடம் எப்படிப் பேசுவது, போட்ட தளத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சார், மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். ஒருவர் மட்டும் சதுர அடிக்கு 20 ரூபாய் குறைத்துச் சொல்கிறார். அவருக்கே கொடுத்துவிடலாமா? (திண்டுக்கல்)

மூன்று பேரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொன்னார்களா என்று முதலில் பாருங்கள். எவ்வளவு ஆழம் தோண்டுவார், அடியில் போடும் ஜல்லி எத்தனை அங்குலம், பிளாக்கின் கனம் 60 மி.மீ.யா 80 மி.மீ.யா, ஓரத்தைப் பிடித்து நிறுத்தும் ஓரக்கல் உண்டா, தோண்டிய மண்ணை யார் அள்ளிப் போடுவது என்று எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். அந்த 20 ரூபாய் எங்கே குறைந்தது என்று தெரிந்துவிடும். நான் பார்த்தவரை பெரும்பாலும் ஜல்லியில்தான் குறைப்பார்கள்.

வாசல் 500 சதுர அடி என்று வையுங்கள். அரை அடி கனத்துக்கு 250 கன அடி ஜல்லி வேண்டும். இறுக்கும்போது அமுங்கும் என்பதால் 300 கன அடி, அதாவது 3 யூனிட் வந்து இறங்க வேண்டும். பிளாக் வந்தால் எல்லோரும் எண்ணிப் பார்க்கிறார்கள், ஜல்லி லோடு வரும்போது வீட்டுக்குள் இருந்துவிடுகிறார்கள். அன்றைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு கூடவே நில்லுங்கள்.

அண்ணா, போட்டு எட்டு மாதம்தான் ஆகிறது. கார் டயர் போகிற தடத்தில் பள்ளம் விழுந்து தண்ணீர் நிற்கிறது. கான்ட்ராக்டர் பிளாக் சரியில்லை என்கிறார். (திருநெல்வேலி)

பிளாக் உடையாமல் அப்படியே இறங்கியிருந்தால் அதன்மேல் குற்றமில்லை, தங்கச்சி. பள்ளத்தில் நாலு பிளாக்கை நெம்பி எடுத்துப் பாருங்கள். அடியில் மணல் ஒரு அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலம்தான் இருக்க வேண்டும். மூன்று அங்குலம் இருக்கிறதென்றால், ஜல்லி மட்டம் சரியாக வராததை மணலைக் கொட்டி நிரப்பியிருக்கிறார். சேறு மாதிரி கையில் ஒட்டினால், எம் சாண்டுக்குப் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) பதில் குவாரி டஸ்ட் (கல்குவாரித் தூள்) போட்டிருக்கலாம். அதன் மாவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வண்டி ஏற ஏறக் குழம்பாகிவிடும்.

மேலே மணல் தூவிச் சரிக்கட்ட விடாதீர்கள். அந்தத் தடம் முழுவதையும் எடுத்து, மணலை அள்ளிவிட்டு, ஜல்லியை நிரப்பி, பிளேட் வைப்ரேட்டரால் (அதிர்ந்து இறுக்கும் மெஷின்) இறுக்கி, அதே பிளாக்கைத் திரும்பப் பதிக்கச் சொல்லுங்கள். கான்கிரீட் தளமாக இருந்தால் உடைக்க வேண்டியிருக்கும், இதில் அந்தச் செலவு இல்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இது மாதிரி ஒரு தவறைச் செய்திருக்கிறேன். கழிவுநீர்க் குழாய் பதித்து மூடிய பள்ளத்தை இறுக்காமல் மேலே தளம் போட்டேன். முதல் மழையிலேயே குழாய் போன வழி கோடு போட்ட மாதிரி இறங்கிவிட்டது. என் செலவில் இரண்டு நாள் வேலை செய்து திருத்திக் கொடுத்தேன். அதிலிருந்து நாலு அங்குலத்துக்கு ஒரு தடவை இறுக்காமல் மேலே போவதில்லை.

60 மி.மீ. போதுமா, 80 வேண்டுமா? வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது. (சென்னை)

ஐ.எஸ். 15658 என்ற இந்தியத் தரப்படி, கார் போகிற வாசல் மாதிரி லேசான போக்குவரத்துக்கு 60 மி.மீ., எம் 35 (எம் என்பது கான்கிரீட்டின் வலிமைத் தரம்). கோடையில் தண்ணீர் லாரி உள்ளே வரும் என்றால் 80 மி.மீ., எம் 40 போடுங்கள். 12,000 லிட்டர் லாரியில் தண்ணீர் மட்டுமே 12 டன்.

பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். ரப்பர் மோல்டில் வார்த்தது அழகாக இருக்கும், ஆனால் தரம் பட்டறைக்குப் பட்டறை மாறும். எடை போட்டுப் பாருங்கள். நீளம் 200, அகலம் 100, கனம் 60 மி.மீ. உள்ள செங்கல் வடிவ பிளாக் ஏறத்தாழ 2¾ கிலோ இருக்க வேண்டும். சுமார் இரண்டேகால் கிலோதான் என்றால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். வார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்றும் கேளுங்கள், 28 நாள் ஆகியிருந்தால் நல்லது.

எங்கள் ஊர் கரிசல் மண். போட்டால் நிற்குமா? (கோவில்பட்டி)

நிற்கும், ஆனால் செலவு கூடும். கரிசல் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். மேல் மண்ணை ஒரு அடி கூடுதலாக எடுத்துவிட்டு, செம்மண் கிராவலை அடுக்கடுக்காக இறுக்கி, அதற்கு மேல்தான் ஜல்லி. அப்படியும் இரண்டு வருடத்தில் ஓரிரு இடம் மேடுபள்ளமாகலாம், எடுத்துப் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஓரக்கல் கட்டாயமா? (கரூர்)

கட்டாயம். அது இல்லாவிட்டால் ஓர வரிசை நகரும், அப்புறம் எல்லா இடுக்கும் விரியும்.

தளம் முடிந்த பிறகு கேட் திறக்கவில்லை! (விருதுநகர்)

இது நிறைய வீட்டில் நடக்கிறது. ஜல்லி 6 அங்குலம், மணல் 1, பிளாக் கிட்டத்தட்ட 2½, மொத்தம் ஒன்பதரை. அந்த அளவுக்குத் தோண்டாவிட்டால் தளம் உயர்ந்து கேட்டைத் தடுக்கும். தோண்டும் முன்பே முடியும் மட்டத்தைச் சுவரில் குறித்து நூல் கட்டியிருக்க வேண்டும். இப்போது கேட்டின் அடியை வெட்டுவதைவிட, கேட் திரும்பும் இடத்தை மட்டும் எடுத்து இறக்குங்கள். தெருப் பக்கம் 10 அடிக்கு இரண்டரை அங்குலம் வாட்டம் இருக்கட்டும்.

இடுக்கில் புல், நிழலில் பாசி, மேலே வெள்ளையாக உப்பு. என்ன செய்வது, தம்பி? (நாகர்கோவில்)

உப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், அம்மா. சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பு வெளியே வருவதுதான் அது, சில மாதத்தில் மழையிலேயே போய்விடும். ஆசிட் ஊற்றாதீர்கள், பிளாக்கின் மேல்தோலை அரித்துவிடும். பாசியைக் கம்பி இல்லாத முரட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். புல்லை மழை விட்ட மறுநாள் பிடுங்கினால் வேரோடு வரும். அந்த இடுக்கில் காய்ந்த நைஸ் மணலைத் தூவிப் பெருக்கிவிடுங்கள். பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் இடுக்கை நோக்கி நேராக அடிக்காதீர்கள், மணல் பறந்துவிடும்.

பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது? (சேலம்)

நான் வாங்குவது இப்படி: ஆரம்பத்தில் 30 சதவீதம், ஜல்லி இறுக்கி முடித்து உரிமையாளர் பார்த்த பிறகு 30, பிளாக் முடிந்ததும் 30. மீதி 10 ஒரு நல்ல மழை பெய்து, தண்ணீர் எங்கும் நிற்கவில்லை என்று தெரிந்த பிறகு. முடித்த வேலைக்கு இழுத்தடிக்காமல் கொடுங்கள். சனிக்கிழமை ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

அக்டோபர் கடைசியில் ஆரம்பிக்கலாம் என்கிறார்கள். சரியா? (கடலூர்)

வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் மணல் காயாது, இடுக்கிலும் இறங்காது. ஜனவரியில் ஆரம்பியுங்கள். இந்த மழையில் வாசலில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று போட்டோ எடுத்து வையுங்கள். கான்ட்ராக்டர் இடம் பார்க்க வரும்போது முதலில் அதைக் காட்டுங்கள்.