மின்மினி ஒளியில் புற்றுநோய் சிகிச்சை: மகள் என்ன படிக்கலாம்?

"மின்மினிப்பூச்சி ஒளியால் புற்றுநோயைக் கொல்லும் ஆராய்ச்சிக்குத்தான் போவேன்" என்று பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் சொல்கிறாள். அதற்கு எந்தப் பட்டம் என்று கேட்கிறீர்கள், அம்மா. அந்தப் பெயரில் பட்டம் இல்லை. சிகிச்சையும் இன்னும் செல், எலி சோதனைகளில்தான் நிற்கிறது. முதலில் இதை அவளிடம் சொல்லிவிடுங்கள்.

ஒளியால் கட்டியை அழிப்பது புதிதல்ல. போட்டோஃபிரின் மருந்துக்கு அமெரிக்காவில் 1995இல் அனுமதி கிடைத்தது. மருந்து கட்டியில் சேர்ந்ததும் 630 நானோமீட்டர் சிவப்பு லேசரைப் பாய்ச்சினால், அங்குள்ள ஆக்சிஜன் செல்லைக் கொல்லும் வடிவத்துக்கு மாறும். சிக்கல் என்னவென்றால், அந்த ஒளி சதைக்குள் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். அதனால்தான் விளக்கைச் செல்லுக்குள்ளேயே ஏற்றும் யோசனை: மின்மினியின் லூசிஃபெரேஸ் நொதியோடு அதன் எரிபொருளான லூசிஃபெரின், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி, மெக்னீசியம், ஆக்சிஜன் சேர்ந்தால் ஒளி பிறக்கும்.

2003இல், ஒளி பட்டால் செல்லைக் கொல்லும் ரோஸ் பெங்கால் என்ற சாயத்தோடு இப்படிச் செய்த சோதனையில் செல்கள் இறந்தன. 2006இல் வேறொரு குழு, மின்மினி நொதியின் ஒளி இதற்குப் போதாது என்றது. ஒளியின் அளவுதான் இன்றைக்கும் பெரிய முட்டுக்கட்டை. நொதியும் மருந்தும் சுமார் 10 நானோமீட்டருக்குள் இருந்தால், ஒளியாக வெளிவராமலே ஆற்றல் நேராகக் கைமாறும். நிறமும் பொருந்த வேண்டும்: நானோலூக் என்ற இன்னொரு ஒளிரும் நொதி 460 நானோமீட்டரில் நீலமாக ஒளிரும், குளோரின் இ6 மருந்தோ 660ஐ ஒட்டிய சிவப்பையும் 400ஐ ஒட்டிய ஊதாவையும்தான் நன்றாக உறிஞ்சும். இடையில் குவாண்டம் புள்ளிகள் என்ற மிக நுண்ணிய துகள்களை வைத்து நிறத்தை மாற்றுகிறார்கள். இன்னொன்று, நொதிக்கும் ஆக்சிஜன் வேண்டும், மருந்துக்கும் வேண்டும். கட்டியின் நடுப்பகுதியிலோ ஆக்சிஜனே குறைவு.

பாருங்கள், இவை பாதிக்கு மேல் இயற்பியலும் வேதியியலும். ஆகவே உயிரியல் பிடிக்கிறது என்பதற்காகக் கணிதத்தை விட்டுவிட வேண்டாம். ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு ஐஏடி என்ற தனி நுழைவுத்தேர்வு உண்டு; நீட் முடிவுக்காகக் காத்திருந்து விண்ணப்ப நாளைத் தவறவிடாதீர்கள். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் படிப்பது இன்னொரு வழி. வேலை பற்றிய உங்கள் பயத்துக்கு இதுதான் நல்ல மருந்து: ஆராய்ச்சி கைகூடாவிட்டாலும், ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் முடித்தால் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் வேலைக்குப் போகலாம். பி.டெக். பயோடெக்னாலஜி என்றால், செல் வளர்ப்பு அறையில் மாணவர்களைக் கைவைத்துச் செய்ய விடுகிறார்களா என்று நேரில் போய்ப் பார்த்தபிறகு பணம் கட்டுங்கள். முனைவர் பட்டத்துக்கு சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால், மாதந்தோறும் 37,000 ரூபாய் உதவித்தொகை (2023இலிருந்து).