ஒப்பிக்கிறான், வாசிக்க வரவில்லை

கேள்வி: தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளிக்கு வாரம் இரண்டு நாள் தன்னார்வலராகப் போகிறேன். நாலாம் வகுப்புப் பையன் ஒருவனை என்னிடம் விட்டிருக்கிறார்கள். பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் முழிக்கிறான். ஐந்து மாதமாயிற்று. நின்றுவிடலாமா?
– ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: நிற்காதீர்கள் ஐயா. நடுச் சொல்லைத் தொட்டுக் கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் வேலை. வகுப்பே சேர்ந்து சத்தமாகப் படிக்கும்போது யார் வாசிக்கிறார்கள், யார் ஒப்பிக்கிறார்கள் என்று பிரித்துக் கேட்க டீச்சருக்கு நேரமேது? ஐந்து மாதத்தில் லீவெல்லாம் போக முப்பது தடவை உட்கார்ந்திருப்பீர்கள். அது பெரிய காலமில்லை.

நாலாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வையுங்கள். அரசுப் பள்ளிகளின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் கற்றிருப்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பார்கள்; இவன் எதில் இருக்கிறான் என்று டீச்சரிடம் கேளுங்கள். 247 எழுத்துமே தெரியாது என்று இருக்காது. பெரும்பாலும் குறிகளில்தான் தடுக்கும். துணைக்காலை 'ர' என்று நினைத்து 'கா'வைக் 'கர' என்பான். கொம்போ எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். 'கொ' என்றால் இரண்டு பக்கமும் குறி. 'கௌ' வந்தால் கேட்கவே வேண்டாம், அதன் கடைசிப் பகுதியை 'ள' என்றே படிப்பான். அவன் மேல் தப்பில்லை, பார்க்க அப்படித்தானே இருக்கிறது!

முதலில் துணைக்கால் மட்டும்: பால், காகம், மாமா. அது கைக்கு வந்த பிறகு கொம்பு. பஸ் பலகையில் பார்க்கும் செங்கம், போளூர் இரண்டையும் சிலேட்டில் எழுதிக் காட்டுங்கள். ஒன்றில் ஒற்றைக்கொம்பு, இன்னொன்றில் இரட்டைக்கொம்பும் காலும். தப்பாகப் படித்தால் உடனே திருத்த வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள், அவனே திரும்பிப் பார்ப்பான்.

உட்காருவது வராந்தாவாக இருக்கட்டும், டீச்சர் கண்ணில் படுகிற இடமாக. பரிசு, பலகாரம் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம், நீங்கள் போக முடியாத வாரம் வந்தால் பள்ளி முகவரிக்கு அவன் பேரில் ஒரு கார்டு போடுங்கள். நாலே வரி, அவனுக்குத் தெரிந்த குறிகளை மட்டும் வைத்து. அதை மனப்பாடம் செய்திருக்க வழியில்லை.